வீடு இருக்கிறது, திறக்கத்தான் மனசு இல்லை

நம் பக்கத்தில் குடியிருக்க வீடு பற்றவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தென்காசியிலிருந்து இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஊர் நடுவில், நல்ல தண்ணீர்க் குழாயும் கரண்டு கம்பமும் வாசலிலேயே இருக்கிற தெருக்களில், வரிசையாகப் பூட்டுத் தொங்குகிறது. அதே ஊரின் ஓரத்துக்கு வந்தால், தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் அஞ்சாறு பேர் கிடக்கிறார்கள். மழை வந்தால் பீடி இலையும் தூளும் நனையாமல் இருக்க, அவற்றைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படிப் பூட்டின வீடு ஒன்று இருக்கும். கோபம் வந்தால் வரட்டும். நம் வயதுக்காரர்கள் கையில்தான் பெரும்பாலும் அந்தச் சாவிகள் இருக்கின்றன. அதனால் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தொகுப்பு வீடுகளுக்கு அளவெடுத்து, எம்.புக் எழுதியே தலை நரைத்தது. ஆகவே ஒரு வீடு எப்படி உயிரோடு இருக்கிறது, எப்படிச் சாகிறது என்பது பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆள் இருக்கிற ஓட்டு வீடு நூறு வருஷம் நிற்கும். வைகாசி கடைசியில், சாரல் தொடங்குவதற்கு முன்னால், ஆள் வைத்து ஓடு மாற்றிவிடுவார்கள். உடைந்த பத்து ஓட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஓடு சொருகுவதோடு வேலை முடிந்தது. ஆள் இல்லாத வீட்டில் பூனை ஓடி ஒரு ஓடு நகர்ந்தால், அதைப் பார்க்க நாதி கிடையாது. முதல் வருஷம் அந்த ஓட்டை வழியாகப் பனங்கை நனையும். இரண்டாம் வருஷம் கரையான் ஏறும். மூன்றாம் வருஷம் கை முறிந்து ஓடு சரியும். அதற்குப் பிறகு மழை நேராக மண்சாந்துச் சுவரின் தலையில் விழும். ஏழெட்டு வருஷத்தில் குட்டிச்சுவர். மட்டப்பா போட்ட வீடாக இருந்தால் ஆலங்கன்றும் அரசங்கன்றும் முளைத்து, வேர் இறங்கி, உத்திரத்தைப் பிளந்துவிடும். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் வாய்க்கும் வயிற்றுக்கும் பார்க்காமல் கட்டின வீட்டைப் பத்து ரூபாய் ஓடு ஒன்று கவிழ்த்துவிடுகிறது.

"வீட்டைப் பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூட்டு திருடனைத் தடுக்கும். தண்ணீரையும் கரையானையும் தடுக்காது. வீட்டைப் பாதுகாப்பது அதற்குள் எரிகிற அடுப்பும், காலையில் வாசல் தெளிக்கிற கையும்தான்.

இந்தியா முழுவதும் இதுதான் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் காலியாகக் கிடந்த வீடுகளும் கட்டடங்களும் சுமார் 2.47 கோடி. அதில் பாதிக்கு மேல் கிராமப்புறங்களில். அடுத்து 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவே இல்லை. இந்த இடைவெளியில் எத்தனை ஓடு சரிந்திருக்கும் என்று நம் தெருவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்து மீனாட்சிபுரத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் உள்ள ஊர். குடிதண்ணீர்ப் பஞ்சத்தில் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய், தனியாக இருந்த கடைசிப் பெரியவரும் 2024-ல் காலமானார். ஊரே காலி. அங்கே வீடுகள் செத்ததற்கு நியாயம் இருக்கிறது; தண்ணீர் இல்லாத இடத்தில் யார் இருக்க முடியும்? நமக்கு என்ன நியாயம்? சிற்றாறு ஓடுகிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமே ஆகிவிட்டது. அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது. அந்த ஏற்றத்தில் நசுங்கினது யார் என்றால் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர், ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற நர்ஸ், கொத்தனாரோடு சித்தாளாகப் போகிறவள், புருஷன் இல்லாமல் பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள்.

"அதுக்குத்தான் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்கே" என்பார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. 1985-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்த நாள் முதல் பல பேரில் கொடுக்கிறது. இப்போது கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்பது இலக்கு. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. நல்ல திட்டம். ஆனால் அது யாருக்கு? குடிசையில் இருக்க வேண்டும். கட்டுவதற்குச் சொந்த மனை இருக்க வேண்டும். மனையே இல்லாமல் வாடகை வீட்டுக்கு அலைகிற குடும்பம் அந்த வரிசையில் நிற்கக்கூட முடியாது. மேலே நான் சொன்ன அத்தனை பேரும் அந்த வகைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 2024-ல் ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டம் என்று ஒன்று அறிவித்தார்கள். அரசுத் திட்டங்களில் 2000-01-க்கு முன்னால் கட்டிய வீடுகளில் இரண்டரை லட்சம் வீட்டை இரண்டாயிரம் கோடியில் சீர் செய்வது. அதாவது, பழைய வீட்டை இடிக்காமல் பழுது பார்த்துக் குடியிருக்கலாம் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே புத்தியை இன்னும் ஒரு முழம் நீட்டினால் என்ன? ஊர் நடுவில் கிடக்கும் தனியார் வீட்டுக்கும் பழுதுபார்க்கப் பணம் கொடு, பதிலுக்கு இத்தனை வருஷம் இல்லாத குடும்பத்துக்கு வாடகைக்கு விடு என்று ஏன் கேட்கக் கூடாது? அஸ்திவாரம் கருங்கல்லில் ஏற்கெனவே இருக்கிறது. சுவர் இருக்கிறது. நிலைக்கும் கதவுக்கும் இருக்கிற தேக்கை இன்று காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. கூரையையும் கழிப்பறையையும் வயரிங்கையும் சரி செய்தால் போதும் என்கிற நிலையில் எத்தனையோ வீடு நிற்கிறது. அந்த வேலைக்குப் புது வீட்டுச் செலவில் பாதிகூடப் பல இடத்தில் ஆகாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மண்சாந்து, சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும். சுண்ணாம்பையே பூசுங்கள்.

நாம் செய்வது என்ன? ஊர் நடுவை அழுக விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வயலில் கல் நடுகிறோம். இரு போகம் விளைந்த நன்செய்யில் வண்ணக் கொடி பறக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் கொஞ்ச நாள் மூச்சு விட முடிந்தது. அடுத்த வருஷமே வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து, பழையபடி கொடி பறக்கத் தொடங்கிவிட்டது. அங்கே மனை வாங்குகிறவன் புதிதாகச் சாலை கேட்கிறான், குழாய் கேட்கிறான், சாக்கடை கேட்கிறான், தெருவிளக்கு கேட்கிறான். பஞ்சாயத்துக்கு ஏது பணம்? இவை எல்லாம் இருக்கிற தெருவில் இருட்டில் பாதி வீடு கிடக்கிறது.

குற்றாலம் பக்கம் கதை வேறு மாதிரி. காசிமேஜர்புரம், மேலகரம், இலஞ்சி வரை அதே கதைதான். அங்கே வீடு அழுகவில்லை, காத்திருக்கிறது. ஆனி, ஆடி சீசனுக்காகக் காத்திருக்கிறது. பிறகு கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களுக்காகக் காத்திருக்கிறது. மாச வாடகைக்குக் கேட்டுப் போகிற குடும்பத்திடம், "சீசனுக்கு முந்தி காலி பண்ணிரணும், சம்மதமா?" என்கிறார்கள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் பிள்ளைகளையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு இடம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கு லாட்ஜுகளும் காட்டேஜுகளும் இருக்கின்றன. அந்த லாட்ஜில் போர்வை துவைக்கிறவளும், எண்ணெய் தேய்க்கிறவரும், சிப்ஸ் வறுக்கிறவரும் எங்கே படுப்பது என்பதுதான் என் கேள்வி. அவர்கள் இல்லாமல் சீசன் நடக்குமா?

இனி, வீட்டுக்காரர்கள் சொல்லும் சமாதானங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

முதல் சமாதானம்: "குடி வச்சா காலி பண்ண மாட்டான். பன்னெண்டு வருஷம் இருந்தா வீடு அவனுக்குப் போயிரும்." இது டீக்கடைச் சட்டம். 1963 காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷம் என்று ஒரு கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது சொந்தக்காரனை எதிர்த்து, இது என்னுடையது என்று வெளிப்படையாக அனுபவிக்கிறவனுக்கு. வாடகை கொடுத்துக்கொண்டு, உங்கள் அனுமதியில் இருக்கிறவன் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த உரிமை வராது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. சொல்லப்போனால் எதிரிடை அனுபவத்துக்கு வாய்ப்பு அதிகம் பூட்டின வீட்டில்தான். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டின் புறவாசலைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டு அனுபவித்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து அதற்குப் பதிலாக இருக்கிற புதுச் சட்டம், எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில்தான் வாடகைக்கு விட வேண்டும் என்கிறது. வாய் வார்த்தையில் விட்டுவிட்டுப் பிறகு குடியிருப்பவனைத் திட்டுவதில் நியாயமில்லை.

இரண்டாவது: "பங்கு பிரியலை." இதுதான் பெரிய வியாதி. நாலு அண்ணன் தம்பி, இரண்டு அக்கா தங்கச்சி, கூட்டுப் பட்டா. ஒருத்தர் பம்பாயில், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் துபாயில். 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் நாடு முழுவதும் பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் தங்கச்சிக்குப் பங்கு கொடுப்பதைவிட வீடு விழுந்தாலும் பரவாயில்லை என்று இருக்கிற அண்ணன்மார்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பங்கு பிரிகிற அன்று பிரியட்டும். அதுவரை எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு பொதுக் கணக்கில் வாடகை விழுந்தால் யாருடைய பங்கு குறைகிறது? இன்றைக்குப் பங்கு போட ஒரு வீடாவது இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் கல்லையும் மண்ணையும்தான் பங்கு போட வேண்டும்.

மூன்றாவது: "ரிட்டயர் ஆனதும் ஊருக்கு வந்துரலாம்னு வச்சிருக்கோம்." வரட்டும், சந்தோஷம். எத்தனை பேர் வந்தார்கள்? பேரப்பிள்ளை பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள்தான் அதிகம். வருகிற ஒன்றிரண்டு பேரும், பழைய வீடு இருக்கிற இருப்பைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டில் அபார்ட்மெண்ட் தேடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் வந்து இறங்குகிற அன்று ஓடு ஒழுகாமல் இருந்திருக்கும்.

நான்காவது சமாதானத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மற்ற மூன்றுக்கும் பின்னால் நிற்பது அதுதான். வீடு கேட்டு வருகிற ஆளிடம் என்ன வேலை, என்ன சம்பளம் என்று முதலில் கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்று கேட்கிறோம். ஊரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்று கேட்கிறோம். தெருப்பெயர் தெரிந்துவிட்டால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு, "அடடா, நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாரு" என்கிறோம். அந்த வீடு அடுத்த பொங்கலுக்கும் பூட்டித்தான் கிடக்கும். அக்ரகாரமானாலும் சரி, பிள்ளைமார் தெருவானாலும் சரி, நாடார் தெருவானாலும் சரி, தேவர் தெருவானாலும் சரி, எல்லாத் தெருவிலும் இது நடக்கிறது. கிறிஸ்தவர், முஸ்லிம் வீடுகளிலும் வேறு மாதிரி நடக்கிறது. ஒருவரை ஒருவர் கை காட்ட வேண்டாம்.

சுந்தரபாண்டியபுரம் அக்ரகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊராக வந்த பிறகு நாடே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது. சூரியகாந்திப் பூ பார்க்க வண்டி வண்டியாக வருகிறார்கள், திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. சினிமாக்காரனுக்குத் திறக்கிற கதவு ஒரு நர்ஸம்மாவுக்குத் திறக்காதா? அவள் அந்த வீட்டின் அடுக்களையில் என்ன சமைத்தால் நமக்கு என்ன? "தெரு கெட்டுப்போகும்" என்கிறார்கள். ஆள் இல்லாமல், விளக்கு இல்லாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாம்புக்குப் பயந்து நடக்கிற தெரு ஏற்கெனவே கெட்டுப்போன தெரு. நம் தெருவில் கிடக்கிற எண்பது வயது அக்காமார்களுக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு ஆள் வேண்டாமா? அமெரிக்காவிலிருந்து கேமராவில் பார்க்கிற மகன் ஓடிவர முடியாது.

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். ஜப்பானில் 2023 கணக்குப்படி சுமார் தொண்ணூறு லட்சம் வீடு காலி. அங்கே ஊராட்சிகளே காலி வீடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, வேண்டியவர்களைச் சொந்தக்காரர்களோடு சேர்த்துவிடுகின்றன. ஆபத்தாகிற அளவுக்கு வீட்டைப் போட்டு வைத்தால் வரிச்சலுகையைப் பிடுங்குகிறார்கள். அயர்லாந்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டைச் சீர் செய்ய ஐம்பதாயிரம் யூரோ வரை மானியம். பாழடைந்ததற்கு இன்னும் இருபதாயிரம். குடியிருக்க வேண்டும் அல்லது வாடகைக்கு விட வேண்டும். பத்து வருஷத்துக்குள் விற்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். புளியரையைத் தாண்டினால் அவர்கள் ஊர். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி போடுவோம் என்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கத்தின கத்தில், சில நாளிலேயே வாபஸ். கொடுக்காமல் பிடுங்க மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்பது அதில் நமக்குப் பாடம்.

ஆகவே நான் கேட்பது பிடுங்கச் சொல்லி அல்ல. ஒவ்வொரு ஊராட்சியும் பேரூராட்சியும் பூட்டின வீடுகளின் பட்டியலை எடுக்கட்டும். வீட்டு வரி ரசீதுப் புத்தகம் கையில் இருக்கிறது, அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இடிந்து விழுகிற நிலையில் உள்ளதை ஒரு என்ஜினியர் பார்த்துத் தனியாக ஒதுக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற தெருவில் அவை நிற்கவே கூடாது. மீதி உள்ளதற்குப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கட்டும். ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ, கட்டுப்படியாகிற வாடகைக்கு, மனை இல்லாத குடும்பத்துக்கு விட வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். கெடு முடிந்ததும் வீட்டைச் சொந்தக்காரர் கையில் ஒப்படைக்க ஒன்றிய அலுவலகமே பொறுப்பேற்கட்டும். குடியிருக்கப் போகிறவரின் தெருவைக் கேட்கிற வீட்டுக்காரருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகும் வருஷக்கணக்கில் பூட்டியே வைப்பேன் என்கிறவருக்கு வரியைக் கூட்டினால், அப்போது கத்துவதற்கு அவருக்கு நியாயம் இருக்காது.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கோயில் கொடைக்கு எல்லோரும் ஊருக்கு வரத்தானே போகிறோம்? சாமி கும்பிட்டுவிட்டுப் படப்புச் சோறு சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல், ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த வீட்டைத் திறந்து பாருங்கள். பட்டாசலில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஓடு போன இடம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ஊரில் இருக்கிற நாள் அது ஒன்றுதான். வாடகைக்கு விட அன்றைக்கே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரியாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தென்காசி, செங்கோட்டை சுற்று வட்டாரம் என்றால் நானே வந்து பார்த்து எஸ்டிமேட் போட்டுத் தருகிறேன். முட்டுவலி இருப்பதால் மச்சுக்கு மட்டும் ஏறச் சொல்லாதீர்கள். காசு வேண்டாம், ஒரு காப்பி போதும்.